பாபா அம்ரில் விழுந்தது வழிதவறிய ஷெல்லா? – வாசகர் கேள்வி பதில்

போர்முனைச் செய்தியாளர்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 2012இல் சிரியாவின் பாபா அம்ரில் கொல்லப்பட்ட அமெரிக்கச் செய்தியாளர் மேரி கோல்வினைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த இதழின் பக்கங்களை அவருக்கும், அவருடைய தொழிலின் நடைமுறைகளுக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இடது கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருக்கும் அந்த அமெரிக்கப் பெண் செய்தியாளர் எப்படி இறந்தார்? சண்டைக்கு நடுவே வழிதவறி வந்த குண்டு என்கிறார்கள் சிலர். குறிவைத்துக் கொன்றார்கள் என்கிறார்கள் சிலர். எது சரி? (திண்டுக்கல்)

குறிவைத்துத்தான் கொன்றார்கள். ஆவணங்களையும் சாட்சியங்களையும் பார்த்த பிறகு வாஷிங்டன் நீதிமன்றம் 2019இல் சொன்ன முடிவு இது.

மேரி கோல்வின் 1956இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, யுபிஐ செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்து, 1985இல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' ஞாயிறு பத்திரிகைக்கு வந்தார். கடைசி வரை அங்கேதான். லிபியத் தலைவர் கடாஃபியைப் பேட்டி கண்டவர். 1999இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் புகுந்த சுமார் 1,500 பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பியபோது, கிளம்ப மறுத்து உள்ளேயே இருந்து செய்தி அனுப்பியவர்களில் ஒருவர்.

2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரை அரசுப் படைகள் சுற்றி வளைத்திருந்தன. நகரின் பாபா அம்ர் பகுதியில்தான் அடி அதிகம். வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு விசா இல்லை. கோல்வினும் புகைப்படக்காரர் பால் கான்ராயும் லெபனான் வழியாக எல்லை தாண்டி, சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள மழைநீர் வடிகால் குழாய்க்குள் குனிந்தபடியே நடந்து உள்ளே போனார்கள். பிப்ரவரி 19ஆம் தேதி இதழில் அவருடைய கட்டுரை வந்தது. ஒரு நிலவறைக்குள் சுமார் 300 பெண்களும் குழந்தைகளும் ஒண்டிக்கொண்டிருந்ததையும், சோறும் மருந்தும் இல்லாமல் 28,000 பேர் மாட்டிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தார். தரைப்படை உள்ளே வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு ஒருமுறை வெளியேறியவர்கள், மறுபடியும் உள்ளே போனார்கள். இந்த இரண்டாவது பயணம்தான் விவாதத்துக்குரியது. பத்திரிகை வெளியேறச் சொல்லிவிட்டதாகவும், இன்னும் ஒரு செய்தியை முடித்துவிட்டு வருவதாக மகள் சொன்னதாகவும் அவருடைய தாயார் பின்னாளில் கூறினார்.

பிப்ரவரி 21ஆம் தேதி அங்கிருந்தே பிபிசி, சானல் 4, சிஎன்என் தொலைக்காட்சிகளுக்குப் பேசினார். ஷெல் எனப்படும் பீரங்கிக் குண்டின் துண்டு பட்டு ஒரு கைக்குழந்தை கண் முன்னால் இறந்ததைச் சொன்னார். ஹோம்ஸில் தாக்கப்படுவது ஆயுதம் தாங்கியவர்கள் மட்டுமே என்ற அரசின் கூற்றைப் பொய் என்றார். மறுநாள் காலை, உள்ளூர் இளைஞர்கள் 'ஊடக மையம்' என்று நடத்திவந்த அந்த வீட்டின் மேல் குண்டுகள் விழத் தொடங்கின.

கான்ராய் ஏற்கெனவே பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் இருந்தவர். விழும் வரிசையைக் கேட்டதுமே இது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. பீரங்கிக்காரர்கள் முதல் குண்டை இலக்கைத் தாண்டி விழவைப்பார்கள். அடுத்ததை இலக்குக்கு முன்னால். பிறகு இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். இருபுறமும் விழுந்து நடுவை நோக்கி நெருங்குகிறது என்றால், யாரோ பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரெங்கும் கண்டபடி அடிப்பது இப்படி விழாது.

மேல்தளம் இடிந்ததும் எல்லோரும் வெளியே ஓடப் பார்த்தார்கள். வாசலை எட்டும் நேரத்தில் முன்னால் வந்து விழுந்த குண்டு கோல்வினையும், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கையும் கொன்றது. கோல்வினுக்கு 56 வயது, ஓஷ்லிக்குக்கு 28. கான்ராய், பிரெஞ்சு நாளிதழ் 'லெ ஃபிகாரோ'வுக்காக வந்திருந்த எடித் பூவியே, மொழிபெயர்ப்பாளர் வாயேல் அல் ஒமர் மூவரும் காயமடைந்தார்கள். பூவியேக்குத் தொடை எலும்பு முறிவு. கான்ராய் ஆறு நாள் கழித்து அதே குழாய் வழியாக வெளியே கொண்டுவரப்பட்டார்.

கேள்வி: குண்டுகளுக்கு இடையே இடைவெளி பார்த்து ஓடுவதுதானே புத்திசாலித்தனம்? உள்ளேயே இருந்தால் கட்டடம் இடிந்து விழாதா? (கோவில்பட்டி)

இதற்கு எப்போதும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பயிற்சிகளில் சொல்லித் தருவது: முதல் சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்துவிட வேண்டும். ஷெல் தரையில் வெடிக்கும்போது துண்டுகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் விசிறிப் பறக்கும். நிற்பவர் மீது படுவதில் பெரும்பகுதி படுத்திருப்பவருக்கு மேலே போய்விடும். வீட்டுக்குள் இருந்தால் ஜன்னலையும் வெளிச்சுவரையும் விட்டு விலகி, வெளிக்கும் உங்களுக்கும் இடையில் குறைந்தது இரண்டு சுவர்கள் இருக்கும்படி போய்விட வேண்டும். முதல் சுவர் வெடிப்பை வாங்கும், இரண்டாவது சுவர் அதிலிருந்து தெறிப்பதை வாங்கும்.

பொதுவான ஷெல்லடி என்றால் இது போதும். ஆனால் உங்கள் கட்டடத்தையே அளந்து அடிக்கிறார்கள் என்றால் உள்ளே இருப்பதும் ஆபத்து, வாசலும் ஆபத்து. ஒரே வாசல் உள்ள வீட்டில் தங்காதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான். வந்து சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே பின்கதவு எங்கே, அது திறக்கிறதா, அதன் சாவி யாரிடம் என்று பார்த்துவிட வேண்டும். இருட்டில், புழுதியில், காது அடைத்த நிலையில் தேட முடியாது.

கேள்வி: சாட்டிலைட் போனில் பேசியதால்தான் மாட்டிக்கொண்டார் என்று படித்தேன். வானத்திலுள்ள செயற்கைக்கோளோடு பேசுவதைத் தரையில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? (ஈரோடு)

போன் செயற்கைக்கோளை நோக்கி மட்டும் பேசுவதில்லை என்பதுதான் விஷயம். கையடக்க சாட்டிலைட் போனின் ஆன்டெனா நாலாபக்கமும் அலையை விசிறுகிறது. அந்த அதிர்வெண்ணில் காத்திருக்கும் திசையறியும் கருவி, அலை எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று ஒரு கோடு போடும். வேறொரு இடத்திலுள்ள இன்னொரு கருவி இன்னொரு கோடு போடும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நீங்கள். விமானத்திலோ ட்ரோனிலோ கருவி இருந்தால் இன்னும் சுலபம், நடுவில் மறைக்கக் கட்டடம் இருக்காது.

இது ஒரு வழி. இன்னொன்று, துராயா போன்ற சில போன்கள் தங்கள் ஜிபிஎஸ் இருப்பிடத்தையே வலைப்பின்னலுக்கு அனுப்புகின்றன. "வேறு யாருக்கும் புரியாதபடி மறையாக்கம் செய்திருப்பார்களே" என்பீர்கள். அந்த மறையாக்கத்தை உடைத்துக் காட்ட முடியும் என்று ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்ததும் 2012இன் தொடக்கத்தில்தான்.

டிஷ் வைத்த இணைப்பு குறுகலான கற்றையாக மேலே போகும். ஆனாலும் பக்கவாட்டில் கொஞ்சம் கசியும், மொட்டைமாடியில் டிஷ் கண்ணுக்கும் தெரியும். எனவே கருவியைவிட, அதை எவ்வளவு நேரம் எங்கே வைத்துப் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம். ஒரு கணக்கைப் பாருங்கள். 1,500 சொல் கட்டுரையை வெறும் எழுத்தாக அனுப்பினால் சில நொடி. 50 எம்பி வீடியோவை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் ஏற்ற சுமார் 26 நிமிடம். நேரலை என்றால் பேசும் நேரம் முழுக்க அலை வெளியே போய்க்கொண்டே இருக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் நேரலை கேட்பார்கள், அது அவர்கள் தொழில். அதற்கான விலை உள்ளே இருப்பவர் தலையில் விழுகிறது.

களத்தில் பின்பற்றும் முறை இது: படுக்கும் வீட்டிலிருந்து அனுப்பக்கூடாது. எழுதுவதை முழுக்க இணைப்பில்லாமல் முடித்து, கோப்பைச் சுருக்கி வைத்துக்கொண்டு, வேறு இடத்துக்குப் போய், இயக்கி, அனுப்பி, அணைத்து, உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அணைத்த பிறகு பேட்டரியையும் கழற்றுவது நல்லது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை வேண்டாம். பக்கத்தில் பொதுமக்கள் இருக்கிற இடமும் வேண்டாம். உங்களுக்கு வரும் குண்டு அவர்கள் மேல்தான் விழும்.

ஹோம்ஸில் இதெல்லாம் ஏன் நடக்கவில்லை என்று கேட்பது சுலபம். சுற்றி வளைக்கப்பட்ட ஒரு சின்னப் பகுதியில் மின்சாரமும் இணைப்பும் இருந்த இடம் அந்த ஊடக மையம்தான். தவிர, அலை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆள் வழியாகவும் தகவல் போயிருக்கிறது. இடைமறித்த அலையும் உளவாளி சொன்ன முகவரியும் ஒத்துப்போன பிறகே தாக்கினார்கள் என்பது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சாட்சியம்.

கேள்வி: குண்டு துளைக்காத உடை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? (கடலூர்)

பக்கத்தில் ஷெல் வெடித்தால் எந்த உடையும் உத்தரவாதம் இல்லை. அந்த உடை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் நிறையக் குழப்பம் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

வெறும் துணி அடுக்குள்ள கவசம் கைத்துப்பாக்கிக் குண்டையும் சிறு துண்டுகளையும் தாங்கும். ஏகே-47 போன்ற ரைஃபிளின் குண்டு அதைத் துளைத்துப் போகும். அதற்கு நெஞ்சிலும் முதுகிலும் பீங்கான் தகடு செருக வேண்டும். தகடு ஒன்று சுமார் 2.5 முதல் 3 கிலோ. எல்லாம் சேர்த்து 10 கிலோவுக்கு மேல் போகும், தலைக்கவசம் தனியாக ஒன்றரை கிலோ. இதை மாட்டிக்கொண்டு வடிகால் குழாய்க்குள் 3 கிலோமீட்டர் குனிந்து நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு மாட்டும் உயரத்தில். தகட்டின் மேல்விளிம்பு இரண்டு காறையெலும்புகளும் சேரும் தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பட்டையைத் தளர்த்தித் தொப்பையை மறைக்கும்படி இறக்கிப் போட்டால், இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும் தகட்டுக்கு மேலே திறந்து கிடக்கும். வயிற்றுக் காயத்தோடு மருத்துவமனை வரை போக வாய்ப்பு உண்டு, இதயத்தில் பட்டால் கிடையாது. அடுத்த தவறு, பழைய சந்தையில் மலிவாக வாங்குவது. பீங்கான் தகடு கீழே விழுந்திருந்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கும், வெளியே தெரியாது. துணிக் கவசம் ஈரத்திலும் வெயிலிலும் பலம் இழக்கும். தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் 5 ஆண்டுகள். உள்ளட்டையில் தேதி இல்லாத கவசத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: 'பிரஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தால் சுடமாட்டார்களா? (நாகர்கோவில்)

சுடக்கூடாது. 1977இன் ஜெனீவா கூடுதல் ஒப்பந்தத்தின் 79ஆவது பிரிவுப்படி போர்ப்பகுதிச் செய்தியாளர் சாதாரணக் குடிமகன், அவரைத் தாக்குவது போர்க்குற்றம். நடைமுறையில், செய்தியாளரைத்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த எழுத்தை மறைத்துவிடுவதும் உண்டு. உள்ளூர் ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வன்னிக்கு வந்து திரும்பும்போதுதான் கோல்வினுக்குக் கண் போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இராணுவம் அடித்ததா, தவறுதலாகப் பட்டதா? (யாழ்ப்பாணம்)

2001 ஏப்ரல் 16 இரவு. அப்போது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிக்குள் செய்தியாளர்கள் போகக் கொழும்பு அனுமதிப்பதில்லை. ஆறு ஆண்டுகளாக வெளிநாட்டுச் செய்தியாளர் யாரும் போகாத வன்னிக்குள் அவர் மறைவாகப் போய், அரசியல் துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனைச் சந்தித்தார். பொருளாதாரத் தடையால் மருந்தும் உணவும் இல்லாமல் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தார். திரும்பும் வழியில் காட்டுக்குள் 30 மைல் அளவுக்கு நடந்து, வவுனியாப் பக்கம் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும் நேரத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கூட வந்தவர்கள் பின்வாங்கிவிட, அவர் வெட்டவெளியில் தனியே படுத்திருந்தார். சத்தமில்லாமல் கிடந்தால் தேடி வந்து சுடுவார்கள் என்று கணித்து, தான் செய்தியாளர், அமெரிக்கர் என்று ஆங்கிலத்தில் கத்தினார். அதற்குப் பிறகுதான் கைக்குண்டு ஏவப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். கண், தோள், மார்பு எல்லாம் துண்டுகள். நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்தும் இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

அனுமதி இல்லாமல் புலிகளோடு போனார் என்று அரசாங்கம் குறை சொன்னது. அனுமதி கேட்டால் கிடைக்காது என்ற நிலையில் அது ஒரு பதிலே அல்ல. பதினோரு ஆண்டு கழித்து டமாஸ்கஸும் அதையேதான் சொன்னது. சட்டவிரோதமாக வந்தார், நடந்ததற்கு அவரே பொறுப்பு என்று 2016இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அப்போதைய சிரிய அதிபர் பஷார் அல் அசாத் கூறினார்.

கேள்வி: 2009 மே மாத வெள்ளைக்கொடி விவகாரத்தில் கோல்வினின் பங்கு என்ன? (டொரன்டோ)

புலிகளின் அரசியல் துறைப் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவனும் முள்ளிவாய்க்காலில் இருந்து சாட்டிலைட் போனில் தொடர்புகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆயுதத்தைக் கீழே வைக்கத் தயார், அமெரிக்காவோ பிரிட்டனோ பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர வேண்டும், தமிழருக்கு அரசியல் தீர்வு பற்றிய வாக்குறுதி வேண்டும் என்ற மூன்றையும் ஐ.நா.வுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். காயமடைந்தவர்களோடு சுமார் 300 பேர் உள்ளே இருந்ததாக அவர் எழுதினார். ஐ.நா. பொதுச்செயலாளரின் தலைமை அதிகாரியாக இருந்த விஜய் நம்பியாரிடம் பேசினார். வெள்ளைக்கொடியை உயர்த்திப் பிடித்து வந்தால் பாதுகாப்பு என்று ராஜபக்ச உறுதி கூறியிருப்பதாகப் பதில் வந்தது. நேரில் போய் நின்று சாட்சியாக இருக்கலாமே என்று கேட்டதற்கு, அது தேவைப்படாது என்று சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறார். மே 18 அன்று இருவரும் கொல்லப்பட்டார்கள். சரணடைய வந்தவர்களைச் சுட்டதாகக் கூறுவதை இலங்கை அரசு மறுத்துவந்திருக்கிறது.

செய்தியாளர் தூதுவராக மாறலாமா என்று இதை வைத்து ஒரு விவாதம் உண்டு. செய்தி எழுதுவது மட்டுமே வேலை என்பவர்கள் இருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றச் சொல்லி வரும் போனை வைத்துவிட்டு எழுத உட்காரும் செய்தியாளரை நாங்கள் மதிக்கமாட்டோம். ஆனால் செய்ததை முழுக்கப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். மே 24ஆம் தேதி இதழில் அவர் அதைச் செய்தார். அந்தச் சில நாள்களைப் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை அந்தக் கட்டுரையைப் புரட்டாமல் இருப்பதில்லை.

கேள்வி: அவருக்குப் பயமே கிடையாதா? (தஞ்சாவூர்)

நிறைய இருந்தது. கண் போன பிறகு கொடுங்கனவும் மன உளைச்சலுமாகத் தவித்து மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். 2010 நவம்பரில் லண்டன் ஃப்ளீட் தெருவின் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தில் பேசும்போது, எது வீரம், எது வீம்பு என்று தன்னையும் சேர்த்துத்தான் கேட்டார்.

போர்ப்பகுதியிலிருந்து திரும்பியவர் வீட்டில் இருந்தால் கவனியுங்கள்: தூக்கமின்மை, வெடிச்சத்தத்துக்குத் துள்ளிப் பதறுவது, குடி கூடுவது, அந்த ஊர்ப் பேச்சு வந்தாலே எழுந்து போவது. முதல் சில வாரம் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். தீபாவளிக்கு அவர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதும் தப்பில்லை.

கேள்வி: நான் இதழியல் மாணவி. போர்ப்பகுதியில் ஃப்ரீலான்ஸாகச் செய்தி சேகரிக்க விரும்புகிறேன். முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், கேமராவா மொழியா? (சென்னை)

ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

2011 ஏப்ரல் 20, லிபியாவின் மிஸ்ராட்டா. புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ஷெல் துண்டு பட்டு, ரத்தம் வடிந்தே மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு முதலுதவி தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் 'ரிஸ்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்குப் போர்க்கள முதலுதவியை இலவசமாகச் சொல்லித்தருவதுதான் அதன் வேலை.

தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். கை, காலில் பீறிடும் காயத்துக்கு டூர்னிகெட், அதாவது குச்சியைத் திருகி இறுக்கும் பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். காயம் எங்கே என்று தெரியாத இருட்டில் என்றால், கையோ காலோ உடலோடு சேரும் இடத்துக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அங்கே, உடையின் மேலேயே. முதலில் பட்டையைக் கையால் முடிந்த மட்டும் இழுத்துவிட்டு, பிறகு குச்சியைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும் வரை திருக வேண்டும், காயம்பட்டவர் அலறுவார், அதற்காக விட்டுவிடக்கூடாது. நிற்காவிட்டால் அதற்கு மேலே இன்னொன்று. கட்டிய நேரத்தைப் பேனாவால் நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்கள்.

கெட்டுப்போவது எங்கே என்றால்: கால்சட்டைப் பையில் போனோ சாவியோ இருக்க அதன் மேல் கட்டுவது, பாதி திருகி நிறுத்துவது (இது ரத்தப்போக்கை அதிகமாக்கும்), "கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்" என்று அவ்வப்போது தளர்த்துவது. மருத்துவர் கைக்குப் போகும்வரை தளர்த்தவே கூடாது. இரண்டு மணி நேரம் வரை பெரும்பாலும் காலுக்குப் பாதகம் வராது. பெல்ட், துண்டு போன்றவற்றைக் கட்டித் திருகக் குச்சி இல்லாமல் இறுக்க முடியாது. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் போலிகளின் குச்சி திருகும்போதே ஒடியும்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிகெட் உதவாது. அங்கே சுருள் காஸ் துணியை விரலால் காயத்தின் ஆழம் வரை திணித்து, நிரம்பிய பின் மேலே இரண்டு கையாலும் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். ரத்தம் உறையவைக்கும் மருந்திட்ட காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரணக் காஸ் என்றால் 10 நிமிடம். நடுவில் எடுத்து எட்டிப் பார்க்கக்கூடாது. இதையெல்லாம் படித்து வராது, ஆளை வைத்துக் கட்டிப் பழக வேண்டும். இடது கையாலும், கண்ணை மூடிக்கொண்டும்.

பிறகுதான் மற்றவை. கிளம்புமுன் ஊரிலிருக்கும் ஒருவரோடு எழுத்தில் ஒப்பந்தம்: எந்நேரம் தொடர்புகொள்வீர்கள், தவறினால் எத்தனை மணி நேரம் காத்திருப்பது, பிறகு யாரை எந்த வரிசையில் அழைப்பது. கடத்தப்பட்டால் நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய, உங்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த இரண்டு கேள்விகளை அவரிடம் மூடிய உறையில் கொடுங்கள். ரத்த வகையைக் கவசத்தில் எழுதுங்கள். காப்பீட்டை வாங்கும்போது போர்ப்பகுதியும், காயம்பட்டால் தூக்கிவரும் செலவும் அதில் உண்டா என்று வரிவரியாகப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் போர் விலக்கப்பட்டிருக்கும். "போய்விட்டு வாருங்கள், நன்றாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லும் பத்திரிகையை நம்பிப் போகாதீர்கள். நீங்கள் காயம்பட்டால் அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் செத்தால்தான் உலகம் அழுமா? நம்முடைய ஊடகவியலாளர் எத்தனை பேர்? (மட்டக்களப்பு)

நியாயமான கோபம். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுடப்பட்டார். உங்கள் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல். தராக்கி என்று அறியப்பட்ட சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். தெற்கில் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8இல். உலகெங்கும் கொல்லப்படுவோரில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களே. செய்தியாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜேயின் கணக்கில் 2024இல் இறந்த 124 பேரில் பெரும்பகுதி காசாவில் கொல்லப்பட்ட பாலஸ்தீனர்கள். வெளியிலிருந்து வருபவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது. உள்ளூர்க்காரரின் வீட்டு முகவரி கொல்பவருக்குத் தெரியும்.

சட்டத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சிரியா 30 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்ததே, பணம் கிடைத்ததா? (மதுரை)

கோல்வினின் சகோதரி உள்ளிட்ட குடும்பத்தார் 2016இல் வழக்குத் தொடர்ந்தார்கள். வேற்று நாட்டு அரசை அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்பதே பொது விதி. பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் நாடு என்று அமெரிக்கா பட்டியலிட்ட அரசுக்கு மட்டும் விலக்கு, சிரியா அப்போது அந்தப் பட்டியலில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் அமெரிக்கர் என்பதால் வழி திறந்தது. அதே ஹோம்ஸில் செத்த சிரியச் செய்தியாளரின் குடும்பம் இந்தக் கதவைத் தட்டியிருக்க முடியாது.

சிரியா வழக்குக்கு வரவே இல்லை. நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சன் 2019 ஜனவரி இறுதியில் தீர்ப்புச் சொன்னார்: தண்டத் தொகை 30 கோடி டாலர், சகோதரிக்கு 25 லட்சம் டாலர், இறுதிச் சடங்குச் செலவு தனி. இப்படிப்பட்ட தீர்ப்புத் தொகையை அரசிடமிருந்து வசூலிப்பது குதிரைக்கொம்பு. குடும்பத்துக்கு வேண்டியிருந்தது பதிவுதான், குறிவைத்துக் கொன்றார்கள் என்று நீதிமன்ற ஏட்டில் ஏறிவிட்டது.

குற்றவியல் வழக்கு பிரான்ஸில் நடக்கிறது, ஓஷ்லிக்கும் பூவியேயும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்து அவர் மாஸ்கோவுக்கு ஓடிய பிறகு, பதவியில் இருப்பவருக்கான சட்ட விலக்கு போய்விட்டது. 2025இல் அவர் உட்பட ஏழு பேருக்குப் பாரிஸ் நீதிபதிகள் பிடியாணை பிறப்பித்தார்கள்.

கேள்வி: துபாயில் பழைய துராயா போன் மலிவாகக் கிடைக்கிறது. ஊருக்கு வாங்கி வரலாமா? (ராமநாதபுரம்)

கூடாது. இந்தியாவில் துராயா, இரிடியம் நிறுவனங்களின் சாட்டிலைட் போன்களை அனுமதியின்றி வைத்திருந்தாலே குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்ததும் பிடித்துவைப்பார்கள், தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி பெற்று, பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் என்ற சாட்டிலைட் இணைப்பு எடுப்பது ஒன்றுதான் வழி. கன்னியாகுமரி ஆழ்கடல் மீனவர்களிடம் இருப்பதும் அந்த வகைதான்.